ஸ்ட்ரோக் நோயாளியின் கிரியாட்டினின்: பிழைப்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நெஃப்ரான் · #1

ஸ்ட்ரோக் வந்தவரின் கேஸ் ஷீட்டில் சி.டி. ஸ்கேன் பற்றி ஒரு பக்கம் இருக்கும். சிறுநீரகத்துக்கு ஒரே வரிதான்: யூரியா இவ்வளவு, கிரியாட்டினின் இவ்வளவு. இரண்டும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள், அது பழுதானால் ரத்தத்தில் ஏறும். லேப் தாளில் அதன்மேல் சிவப்பு வட்டம் இல்லையென்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

கிரியாட்டினின் 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 சி.கே.டி-எபி சூத்திரத்தில் போட்டால் 30 வயது ஆணுக்கு இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) சுமார் 83. அதே 1.2, எழுபது வயது அம்மாவுக்கு 49. அதாவது சிறுநீரக நோயின் மூன்றாம் கட்டம் (3ஏ). இருவருக்கும் லேப் தாளில் அச்சாகி வருவது ஒரே எண்.

இது ஆயுளைத் தொடும் எண். 2002இல் ஸ்காட்லாந்தின் டண்டியிலிருந்து வெளிவந்த ஆய்வில் சுமார் 2,000 ஸ்ட்ரோக் நோயாளிகளை ஏழு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தார்கள். அட்மிஷன் நாளில் சிறுநீரகச் செயல்பாடு குறைவாக இருந்தவர்களில் இறப்பு கூடுதல். வயது, ஸ்ட்ரோக்கின் தீவிரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. அதன்பின் பல நாடுகளின் தரவுகளும் இதையே காட்டியிருக்கின்றன. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறவர்களுக்கு இ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இருந்தாலும் ஆபத்து தனியாக ஏறுகிறது.

இவர்களில் பெரும்பாலோர் சிறுநீரகம் நின்றுபோய் இறப்பதில்லை. நிமோனியா, மாரடைப்பு, இரண்டாவது ஸ்ட்ரோக், இவைதான் காரணம். மூளையின் ஆழத்துக்குப் போகும் நுண்தமனிகளும் சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமெருலஸுக்குள் நுழையும் நுண்தமனிகளும் பெரிய குழாய்களிலிருந்து நேரடியாகப் பிரிகின்றன. முழு பிரஷரையும் வாங்கிக்கொள்கின்றன. பல ஆண்டுகள் பிரஷரும் சுகரும் இருந்தவருக்கு இரண்டு இடத்திலும் ஒரே சேதம் நடந்திருக்கும். யூரியா ஏறிய ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒட்டும் வேலை சரியாக நடக்காது, கசிவு எளிது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு), ரத்தசோகை, தமனிச் சுவரில் கால்சியம் படிவது என்று மற்றவையும் கூட வருகின்றன.

முக்கியமாக, இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரோக்குக்கு முன்பே இருந்த நாள்பட்ட பாதிப்பை இன்று இரவு மாற்ற முடியாது. அட்மிஷனுக்குப் பிறகு வரும் திடீர் பாதிப்பு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வருகிறது. அது வந்தால் இறப்பு கூடுகிறது, ஆனால் அதில் பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 ஏறினாலே அது திடீர் பாதிப்பு. 0.9 இருந்தது 1.2 ஆனால் லேப் தாள் இன்னும் நார்மல் என்றுதான் சொல்லும்.

வார்டு_சிஸ்டர் · #2

அந்த 0.3 வார்டில் எப்படி ஏறுகிறது என்று எழுதுகிறேன் சார்.

விழுங்க முடியாத நோயாளிக்கு முதல் நாள் வாய்வழி எதுவும் கிடையாது. சலைன் ஓடும். ஸ்கேனுக்குப் போகும்போது கழற்றுவார்கள், திரும்பி வந்து மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். இரவில் வீங்கிய கையில் லைன் போய்விடும், காலை வரை காத்திருப்பார்கள். மறுநாள் ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) போட்டு இரண்டு மணிக்கு ஒருமுறை 200 மி.லி. என்று எழுதியிருக்கும். இன்டேக் சார்ட்டை மேலிருந்து கீழே விரல் வைத்துக் கூட்டிப் பாருங்கள்: காலை 6 மணிக்கு 200, 8 மணிக்கு 200, 10 மணிக்குக் கட்டம் காலி (பிசியோதெரபி), 12 மணிக்கு 150 (வாந்தி வருவது போல் இருந்ததால் நிறுத்தியது), 2 மணிக்கு 200, அதன்பின் இரவு 10 வரை எல்லாம் சேர்த்தே 350, இரவு 10க்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மொத்தம் 1,100 தாண்டாது. 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,500 முதல் 1,800 வேண்டும். காய்ச்சல் இருந்தால் அதற்கும் மேலே. மூன்று நாள் இப்படிப் போனால் சிறுநீரகம் என்ன செய்யும்?

யூரோ பேக்கில் (யூரின் சேரும் பை) பார்க்க வேண்டிய கணக்கு எளிது. கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. 60 கிலோவுக்கு மணிக்கு 30, ஆறு மணி நேரத்துக்கு 180. அதற்குக் கீழே போனால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது, உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் இரண்டு விஷயம்: டியூப் மடங்கியிருக்கிறதா, பை கட்டிலுக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கிறதா.

காதீட்டர் (சிறுநீர்க் குழாய்) இல்லாதவருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஸ்ட்ரோக்கில் சிறுநீர்ப்பை சுருங்காமல் நிரம்பிக்கொண்டே போகும், வழிந்து சொட்டுச் சொட்டாக வரும். "அடிக்கடி நனைகிறது, யூரின் நன்றாகப் போகிறது" என்று கூட இருப்பவர் சொல்வார். அடிவயிற்றில் கை வைத்தால் கல் மாதிரி இருக்கும். இதற்குக் காண்டம் காதீட்டர் (ஆணுறை போல வெளியே மாட்டுவது) மாட்டினால் பயனே இல்லை. பிளாடர் ஸ்கேன் செய்து, போன பிறகும் 300 மி.லி.க்கு மேல் தங்குகிறது என்றால் வேளாவேளைக்குக் குழாய் விட்டு எடுக்க வேண்டும். நிரந்தரமாகப் போட்டு வைத்தால் கிருமி ஏறும். போட்டே ஆக வேண்டியிருந்தால், போட்ட தேதியைப் பையிலேயே எழுதி, தினமும் "இன்று எடுக்கலாமா?" என்று கேட்க வேண்டும்.

பிஜி_இரண்டாம்_ஆண்டு · #3

நீர் வற்றியதா, சிறுநீரகமே அடிபட்டதா என்று பிரிக்க யூரியா–கிரியாட்டினின் விகிதம் 20 என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. இங்கே பலருக்கும் 30, 35 வருகிறதே, எல்லோருமே வற்றியவர்களா?

நெஃப்ரான் · #4

அமெரிக்கப் புத்தகங்களின் 20 என்பது யூரியா நைட்ரஜனை வைத்துச் சொன்னது. நம் லேப்கள் முழு யூரியாவைத் தருகின்றன, அது 2.14 மடங்கு. ஆகவே நமக்கு எல்லை சுமார் 40. யூரியா 80, கிரியாட்டினின் 1.6 என்றால் விகிதம் 50. நீர் வற்றியதாகவே முதலில் நினைக்க வேண்டும். ஆனால் ரைல்ஸ் டியூபில் காபித்தூள் நிறத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் யூரியா மட்டும் தனியாக ஏறும். ஸ்டீராய்டும் அப்படித்தான்.

நரம்பியல்_டியூட்டி · #5

இதுவரை சொன்னது எல்லாம் சரி. ஆனால் சிறுநீரகத்தின் பெயரைச் சொல்லி முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்கும் பழக்கத்தையும் இங்கே பேசியாக வேண்டும். அடைப்பு ஸ்ட்ரோக்கில் பெரிய குழாய் மூடிக் கிடக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன. கிரியாட்டினின் ரிப்போர்ட் வரட்டும் என்று 40 நிமிடம் உட்கார்ந்திருப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

முதல் சி.டி.யில் டை (ரத்தக் குழாய் படத்தில் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) கிடையாது, சிறுநீரகத்துக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முன் கட்டாயம் தெரிய வேண்டிய ரத்தப் பரிசோதனை சர்க்கரை ஒன்றுதான். வார்ஃபரின், ஹெபாரின் போன்றவை எடுப்பவராக இருந்தால் மட்டும் ரத்தம் உறையும் சோதனையும் வேண்டும். அந்த ஊசியான ஆல்டிபிளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90. 60 கிலோவுக்கு 54 மி.கி., அதில் 5.4 ஒரே தள்ளாக, மீதி 48.6 ஒரு மணி நேரத்தில். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் டோஸ் மாறாது. டயாலிசிஸில் இருப்பவருக்கும் ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரம்) நார்மலாக இருந்தால் கொடுக்கலாம் என்றே அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. கசிவு ஆபத்து அவர்களுக்குச் சற்றுக் கூடுதல்தான், அதை வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விடுவதற்கு அது காரணம் ஆகாது.

டை போட்டு ரத்தக் குழாயைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவும் அப்படியே. சிறுநீரக நோய் இருந்ததாகத் தெரியாதவருக்கு, பெரிய குழாய் அடைப்பு சந்தேகம் இருந்தால், கிரியாட்டினினுக்குக் காத்திராமல் டை போடலாம்.

வார்டு_சிஸ்டர் · #6

தெரியாதவருக்குச் சரி. கிரியாட்டினின் 3 என்று பழைய சீட்டு கையில் இருக்கிறது, டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவருக்கும் போடலாமா? இப்படிப்பட்டவர்தான் நான்காம் நாள் எங்கள் கையில் யூரின் இல்லாமல் கிடப்பார்.

நரம்பியல்_டியூட்டி · #7

நியாயமான கேள்வி. அங்கே நான் கேட்கும் கேள்வி ஒன்றே: ஆஞ்சியோவில் அடைப்பு தெரிந்தால் திராம்பெக்டமி (குழாய் விட்டு ரத்தக் கட்டியை இழுத்தெடுப்பது) செய்யப் போகிறோமா? செய்ய வசதி இருக்கிறது, ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது என்றால் போட வேண்டும். தப்பித்த மூளையோடு டயாலிசிஸில் வாழ முடியும். செய்யப் போவதில்லை, லேசான ஸ்ட்ரோக்தான் என்றால் அன்றைக்கே டை தேவையில்லை. டை இல்லாத எம்.ஆர்.ஐ. ஆஞ்சியோவும் கழுத்து டாப்ளரும் போதும்.

போட்டால்: முடிந்த அளவு குறைந்த டை, இதயம் தாங்குமென்றால் சலைன், 48 முதல் 72 மணி நேரத்தில் கிரியாட்டினின். மெட்ஃபார்மினை நிறுத்திவைத்து, அந்த ரிப்போர்ட் பார்த்த பிறகே மீண்டும் தொடங்க வேண்டும். ஏற்கெனவே டயாலிசிஸில் இருந்து யூரினே வராதவருக்கு, டை போட்டதற்காக மட்டும் அவசர டயாலிசிஸ் வேண்டாம். வழக்கமான நாளில் செய்தால் போதும்.

நெஃப்ரான் · #8

டாக்டர் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். டையைவிட அதிகச் சேதம் செய்வது மூளை வீக்கத்தை இறக்கப் போடும் மானிட்டால் என்பது என் கருத்து. மூளை வீக்கமே இல்லாத சின்ன ஸ்ட்ரோக்குக்கும் 20 சதவீத மானிட்டால் 100 மி.லி. எட்டு மணிக்கு ஒருமுறை என்று வழக்கமாக எழுதிவிடுவதை இன்னும் பார்க்க முடிகிறது. எல்லோருக்கும் கொடுப்பதால் பலன் என்று நிரூபணம் இல்லை. அது உள்ளே வந்த நீரையெல்லாம் யூரினாக வெளியே தள்ளும். #2இல் சிஸ்டர் காட்டிய சார்ட்டையும் இதையும் சேர்த்துப் பாருங்கள்: உள்ளே 1,100, வெளியே 2,500. யூரின் நிறைய வருகிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், நோயாளி உலர்ந்துகொண்டிருப்பார். இ.ஜி.எஃப்.ஆர். குறைந்தவருக்கு மானிட்டால் வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கிச் சிறுநீரகக் குழாய்ச் செல்களை உப்பவைக்கும். ரத்த ஆஸ்மொலாலிட்டி (கரைந்திருப்பவற்றின் செறிவு) 320ஐத் தாண்டினாலோ, ஆஸ்மோலார் இடைவெளி (அளந்த செறிவுக்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வித்தியாசம்) 20ஐத் தாண்டினாலோ நிறுத்த வேண்டும். உண்மையிலேயே வீக்கம் இருக்கும் சிறுநீரக நோயாளிக்கு 3 சதவீத சலைன் நல்லது, சோடியத்தை ஆறு மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு.

பிரஷரும் சொல்ல வேண்டும். அடைப்பு ஸ்ட்ரோக்கில், கரைக்கும் ஊசி போடாதவருக்கு 220/120 வரை முதல் ஓரிரு நாள் விட்டுவிடலாம். வீட்டில் எடுத்த டெல்மிசார்டன், ராமிப்ரில், நீர் மாத்திரை எல்லாவற்றையும் முதல் நாளே டியூப் வழியாகப் போட்டு 130க்கு இறக்கினால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்து ரத்தம் குறையும். ரத்தக் கசிவு ஸ்ட்ரோக்கில் இறக்கத்தான் வேண்டும், அதற்கும் எல்லை உண்டு. 2016இல் வந்த அட்டாக்-2 சோதனையில் மேல் பிரஷரை 110–139க்கு இறக்கியவர்களில் ஏழு நாளுக்குள் சிறுநீரகக் கோளாறு 9 சதவீதம், 140–179இல் வைத்தவர்களில் 4 சதவீதம். உயிர் பிழைப்பதில் கூடுதல் பலன் ஒன்றும் கிடைக்கவில்லை. 140ஐக் குறிவைத்து 130–150க்குள் வைத்திருப்பது பாதுகாப்பு.

மருந்தாளுநர்_கோவை · #9

டிஸ்சார்ஜ் மருந்துச் சீட்டில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்:

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளின் டோஸை இ.ஜி.எஃப்.ஆர். பார்த்து முடிவுசெய்யக் கூடாது, காக்ராஃப்ட்-கால்ட் கணக்கு (கிரியாட்டினின் கிளியரன்ஸ்) வேண்டும். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 × கிரியாட்டினினால் வகுக்க வேண்டும், பெண்ணென்றால் 0.85ஆல் பெருக்க வேண்டும். #1இல் சொன்ன அம்மா 50 கிலோ என்றால் வருவது 34. இ.ஜி.எஃப்.ஆர். 49, இது 34. அந்த மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானில் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, 34இல் இருப்பவருக்கு ஒரு வயிற்றுப்போக்கு வந்தாலே 30க்குக் கீழே போய்விடும். அபிக்ஸாபனில் அது 27 சதவீதம்தான். ஆனால் அபிக்ஸாபனைப் பயத்தில் தேவையில்லாமல் 2.5 ஆக்குவதும் தப்பு. 80 வயதோ மேலோ, 60 கிலோவோ குறைவோ, கிரியாட்டினின் 1.5ஓ மேலோ: மூன்றில் இரண்டு இருந்தால் மட்டுமே 2.5. இந்த அம்மாவுக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது, எனவே 5 மி.கி. இரண்டு வேளை. ரிவரோக்ஸாபன் 50க்குக் கீழே 15 மி.கி., உணவோடு.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சேர்த்து 21 நாள் என்று தொடங்கியது, சீட்டில் முடிவுத் தேதி இல்லாததால் எட்டு மாதம் ஓடும். பிளேட்லெட் ஏற்கெனவே மந்தமான சிறுநீரக நோயாளிக்கு இது வயிற்றுக் கசிவில் முடியும். நிறுத்தும் தேதியை எழுதுங்கள்.

படுக்கையில் காலில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் இனாக்ஸாபாரின் 40, கிளியரன்ஸ் 30க்குக் கீழே என்றால் பாதிக்குப் பக்கம் குறைய வேண்டும். இல்லையென்றால் சாதாரண ஹெபாரின் 5,000 யூனிட். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசிடம் 30க்குக் கீழே 250–500 இரண்டு வேளை. நிமோனியாவுக்குப் போடும் செஃபிபைம் டோஸ் குறைக்கப்படாவிட்டால் குழப்பம், கை உதறல், வெளியே தெரியாத வலிப்பு. அதை "ஸ்ட்ரோக் அதிகமாகிவிட்டது" என்று எழுதுவார்கள். கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடினுக்கு மாற்றம் தேவையில்லை. ரோசுவாஸ்டாடின் 30க்குக் கீழே 10ஐத் தாண்டக் கூடாது.

ஃபிசியோ_நெல்லை · #10

மருந்தாளுநர் விட்ட ஒன்று பாக்லோஃபென். ஸ்ட்ரோக்குக்குப் பின் கை, கால் இறுகும்போது 10 மி.கி. மூன்று வேளை என்று சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே இருப்பவருக்கு இரண்டே நாளில் அரை மயக்கம், மூச்சு மந்தம். திரும்ப ஸ்கேன் எடுத்தால் புதிதாக ஒன்றும் இருக்காது. மருந்தை நிறுத்தினால், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்தால், தெளிந்துவிடும். 30–60க்குள் இருப்பவருக்கு 5 மி.கி.யில் தொடங்குங்கள். அதற்கும் கீழே என்றால் ஸ்ட்ரெச்சிங், ஸ்ப்ளின்ட், இறுகிய தசைக்கு மட்டும் போட்டுலினம் ஊசி.

அடுத்து தோள் வலி. விழுந்த பக்கத்துத் தோள் இறங்கி வலிக்கும்; பக்கத்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் பத்து நாள் போடுவார்கள். பிரஷருக்கு டெல்மிசார்டன், அதோடு நீர் மாத்திரை, மேலே டைக்ளோஃபெனாக்: மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டம் எல்லாப் பக்கத்திலும் அடைபடும். பாராசிட்டமால், சூடு ஒத்தடம், கையைத் தலையணைமேல் தாங்கி வைப்பது, கையைப் பிடித்து இழுத்துத் தூக்காமல் இருப்பது இவற்றாலேயே பெரும்பாலானவர்களுக்கு அடங்கும்.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) இருக்கும் கையே விழுந்த கையாகவும் இருந்தால் அதில் ஸ்லிங் பட்டை இறுகக் கூடாது, பிரஷர் பட்டை சுற்றக் கூடாது, அந்தப் பக்கமே ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. உணர்ச்சி இல்லாததால் நசுங்கினாலும் அவருக்குத் தெரியாது. காலை, மாலை விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று வீட்டாரே பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

பிஜி_இரண்டாம்_ஆண்டு · #11

சில ஆய்வுகளில் இ.ஜி.எஃப்.ஆர். மிக அதிகமாக இருப்பவர்களிலும் இறப்பு கூடுதலாக இருக்கிறதே, அது ஏன்?

நெஃப்ரான் · #12

கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசை கரைந்த மெலிந்த முதியவருக்குக் கிரியாட்டினின் 0.5 இருக்கும், கணக்கில் இ.ஜி.எஃப்.ஆர். 100 வரும். அது சிறுநீரகத்தின் பலத்தைச் சொல்லவில்லை, உடம்பின் நலிவைச் சொல்கிறது.

இதே காரணத்தால் ஸ்ட்ரோக் வந்து ஆறு வாரம் படுத்தவரின் கிரியாட்டினின் 1.5இலிருந்து 1.1க்கு இறங்கினால் "கிட்னி சரியாகிவிட்டது" என்று மருந்து டோஸை ஏற்றிவிடாதீர்கள். ஃபிசியோ தொடையின் சுற்றளவை அளந்தால் அந்த 0.4 எங்கே போனது என்று தெரியும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள், அது தசையைச் சார்ந்ததில்லை. கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் 2024 வழிகாட்டுதலும் இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டையும் சேர்த்த கணக்கையே சொல்கிறது. ஸ்டீராய்டு, தைராய்டு கோளாறு, கடுமையான அழற்சி இருந்தால் சிஸ்டாட்டின்-சியும் ஏமாற்றும்.

டயாலிசிஸ்_டெக் · #13

ஏற்கெனவே டயாலிசிஸில் இருப்பவருக்கு ஸ்ட்ரோக் வந்தால் அடுத்த செஷன் எப்படி என்று கேட்பார்கள். முதல் சில நாள் ஹெபாரின் இல்லாமல். 15–30 நிமிடத்துக்கு ஒருமுறை 100–200 மி.லி. சலைன் விட்டு ஃபில்டரைக் கழுவ வேண்டும், அந்த அளவை எடுக்கும் நீரோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 150–200 மி.லி., நேரம் இரண்டு மணி, டயாலிசேட் (ஃபில்டரில் ஓடும் கரைசல்) 36 டிகிரிக்குப் பக்கம். நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் யூரியா ரத்தத்தில் சட்டென்று இறங்கும், மூளையில் இறங்காது. நீர் மூளைக்குள் போய் வீக்கம் கூடும். அதோடு பிரஷர் 90க்கு விழுந்தால் ஸ்ட்ரோக்கைச் சுற்றி உயிருக்குப் போராடும் பகுதியும் போய்விடும். மூன்று லிட்டர் ஒரே நாளில் எடுக்காமல் தினமும் கொஞ்சம் எடுப்பது நல்லது. பெரிய கசிவு என்றால் ஐ.சி.யு.வில் மெதுவான தொடர் டயாலிசிஸ்.

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர் அதையே தொடரலாம். ஒரு கை விழுந்துவிட்டால் பையைத் தானே மாற்ற முடியாது, வீட்டில் ஒருவருக்கு டிஸ்சார்ஜுக்கு முன்பே கற்றுக்கொடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழியாக அந்தப் பைகளும் வீட்டு பிசியோதெரபியும் கிடைக்கின்றன. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பதிந்துவிடுங்கள்.

உணவியல்_மதுரை · #14

டியூபில் இளநீர் விடுவது பற்றி. நல்லது என்று நினைத்துத்தான் விடுகிறார்கள். ஒரு பெரிய இளநீரில் அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே, கூடவே பொட்டாசியத்தை ஏற்றும் டெல்மிசார்டனோ ஸ்பைரனோலாக்டோனோ என்றால் இரண்டு இளநீரும் ஒரு வாழைப்பழக் கூழும் பொட்டாசியத்தை 6க்கு மேல் கொண்டுபோகலாம். "லோ சோடியம்" உப்புப் பாக்கெட்டும் அப்படியே. சீனக் கிராமங்களில் செய்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு ஸ்ட்ரோக்கைக் குறைத்தது உண்மை. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. இவர்களுக்குச் சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள்.

புரதத்தை ஒரேயடியாக வெட்டாதீர்கள். புண் ஆற வேண்டும், தசை நிற்க வேண்டும். படுக்கைப் புண் இருப்பவருக்குக் கிலோவுக்கு 0.6 கிராம் என்று கட்டுப்படுத்துவது அவரைச் சீக்கிரம் சாகவிடுவது. பாதரசம் கலந்த பஸ்பங்களும் பெயர் எழுதாத பொட்டலங்களும் வேண்டாம். சிறுநீரில் புரதம் கொட்டும் நோய் அவற்றால் வருவது பதிவாகியிருக்கிறது.

பிஜி_இரண்டாம்_ஆண்டு · #15

டிஸ்சார்ஜ் சம்மரியில் சிறுநீரகத்துக்கு என்னென்ன எழுத வேண்டும்?

நெஃப்ரான் · #16

பழைய கிரியாட்டினின் (ஸ்ட்ரோக்குக்கு முந்தைய சீட்டில் இருந்தது, தேதியோடு), உள்ளே இருந்தபோது ஏறிய உச்சம், வீட்டுக்குப் போகும் நாளில் உள்ளது, அன்றைய எடை. நிறுத்திய மருந்து, மீண்டும் தொடங்க வேண்டிய நிபந்தனை. டெல்மிசார்டன் மாதிரி மருந்தைத் தொடங்கினால் ஒன்று, இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும். 30 சதவீதம் வரை ஏறினால் பயந்து நிறுத்தக் கூடாது, அதற்கு மேலோ பொட்டாசியம் 5.5க்கு மேலோ என்றால் கூப்பிடச் சொல்லுங்கள். டாபாகிளிஃப்லோசின் (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி, சிறுநீரகத்தையும் காக்கும் மாத்திரை) தேவைப்படுபவருக்கு, சாப்பாடு அல்லது டியூப் ஃபீட் நிலைத்த பிறகுதான். வாந்தி, காய்ச்சல் நாளில் நிறுத்திவைக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் இ.ஜி.எஃப்.ஆர். மறுபடி. நாள்பட்ட நோய் என்று பெயர் வைக்க அதுதான் நாள். கூடவே யூரின் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம், காலை முதல் யூரினில். காய்ச்சல் நாளிலோ, யூரினில் கிருமி இருக்கும்போதோ எடுத்தால் பொய்யாக ஏறும். காதீட்டரோடு இருப்பவருக்குப் பையிலிருந்து பிடித்து அனுப்பக் கூடாது.